கல்லறைக் கல்லும் அலையின் வாலும்

கொல்கத்தாவில் ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்தில் செயிண்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது. அதன் தோட்டத்தில் எண்கோண வடிவில் ஒரு சிறிய கல்லறை மண்டபம். உள்ளே போய்ப் பார்த்தால், கரிய கல் பலகை ஒன்றில் லத்தீன் மொழியில் செதுக்கிய எழுத்துக்கள் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்து 1693-ல் காலமான ஜாப் சார்னாக்கின் கல்லறை அது. மருமகன் சார்லஸ் ஐர் கட்டி வைத்தது.

கல்கத்தா நகரத்தை நிறுவியவர் இந்த சார்னாக்தான் என்று நெடுங்காலம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. 1690-ல் ஒரு நாள் வந்து இறங்கினார், நகரம் பிறந்தது என்று கதை. 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு நகரத்துக்கு ஒரு மனிதரை நிறுவனர் என்று சொல்லிவிட முடியாது. அவர் வருவதற்கு முன்பே அங்கே கிராமங்கள் இருந்தன, வியாபாரம் இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள் என்பது தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு கதை ஞாபகம் வந்தது. பூமியின் கதை. அதற்கும் பாடப் புத்தகத்தில் ஓர் அழகான படம் உண்டு. அதுவும் பிற்காலத்தில் கலைந்து போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையின் ஒரு நுனியும் இதே கல்லறையில்தான் கட்டியிருக்கிறது.

அந்த நாளில் கல்கத்தாவில் இந்திய பூகர்ப்ப இலாகாவின் தலைமை அலுவலகம் இருந்தது. அதில் தாமஸ் ஹாலண்டு என்று ஓர் இளைஞர் உத்தியோகம் பார்த்தார். பாறைகளைக் காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்ப்பது அவருடைய வேலை. சார்னாக்கின் கல்லறைக் கல் அவர் கண்ணில் பட்டது. கங்கைக்கரை வண்டல் மண்ணில் இந்த மாதிரிக் கல் ஏது? பரிசோதித்துப் பார்த்தார். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், இவற்றோடு ஹைபர்ஸ்தீன் என்ற தாதுவும் கலந்த பாறை அது. சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கிற கல்லுக்கு உடன்பிறப்பு. 1893-ல் அந்தப் பாறை வகைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்து 'சார்னோக்கைட்' என்று நாமகரணம் செய்தார். 1900-ல் பரங்கிமலை, சேர்வராயன் மலை, நீலகிரி எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பாறைக் குடும்பத்துக்கு ஒரு பெரிய வரலாறே எழுதி முடித்தார்.

அந்தப் பாறை எங்கே பிறந்தது, பூமிக்குள் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய சாஸ்திரம் அதே இலாகாவில், இன்னோர் உத்தியோகஸ்தரின் மேஜை மேல் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

அவர் பெயர் ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டுஹாம். இலாகாவை ஆரம்பித்து வைத்த தாமஸ் ஓல்டுஹாமின் மகன். 1897-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பிறகு அஸ்ஸாமில் மகா பயங்கரமான பூகம்பம் ஒன்று உண்டாயிற்று. ஷில்லாங் நகரத்தின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர் மாண்டார்கள். கல்கத்தாவிலும் வீடுகள் வெடித்தன. தரையில் பதிந்து கிடந்த பாறாங்கற்கள் மேலே எறியப்பட்டு வேறு இடத்தில் விழுந்திருந்ததை ஓல்டுஹாம் குறித்து வைத்தார்.

அதைவிடப் பெரிய அதிசயம் இத்தாலியில் நடந்தது. அங்கே வைத்திருந்த கருவிகள், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த அஸ்ஸாமின் நடுக்கத்தைக் கோடுகளாக எழுதியிருந்தன. தூர தேசத்துப் பூகம்பம் கருவியில் பதிவது புதிதல்ல. 1889-லேயே ஜப்பானில் நேர்ந்த பூகம்பம் ஜெர்மனியில் பாட்ஸ்டாமில் பதிவாகியிருந்தது. ஆனால் அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர் ஓல்டுஹாம். அலைகள் மூன்று கூட்டமாக வந்து சேர்வதை அவர் கண்டார். முதலில் வருவது பாறையை முன்னும் பின்னும் நெருக்கித் தள்ளிக்கொண்டு ஓடும் அலை. இரண்டாவது பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு வரும் அலை. மூன்றாவது பூமியின் மேற்பரப்பைச் சுற்றி நிதானமாக வருவது. 1906-ல் அதே அலைகளைக் கொண்டு பூமிக்கு நடுவே ஓர் உட்கரு இருக்கிறது என்றும் சொன்னார். மனிதன் ஒரு முழம்கூட இறங்காமல் பூமியின் வயிற்றைப் பார்த்துவிட்டான்!

ஒரே இலாகாவில் இரண்டு பேர். ஒருவர் கல்லைப் படித்தார். மற்றவர் அலையைப் படித்தார். இருவருடைய புத்தகங்களும் ஒருவருஷ இடைவெளியில் அடுத்தடுத்து வெளியாயின. ஆனால் அந்தக் கல்லும் அந்த அலையும் ஒன்றையொன்று சந்திப்பதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் பிடித்தது. அந்த நூறு வருஷக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அடுத்த காட்சி ஐரோப்பாவில். ஜாக்ரெப் நகரத்து வானிலைக் கூடத்தின் தலைவர் ஆந்திரியா மொஹொரோவிசிச். கொல்லன் வீட்டில் பிறந்தவர். மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், நடு வயதுக்குமேல் பூகம்பத்தில் சிரத்தை கொண்டார். 1909 அக்டோபர் 8-ஆம் தேதி ஜாக்ரெப்புக்குத் தெற்கே பூமி நடுங்கியது. பல ஊர்களிலிருந்து பதிவுகளை வரவழைத்துப் பார்த்தார். பக்கத்து ஊர்களில் தள்ளு அலை ஒரு தடவைதான் வந்திருந்தது. சற்றுத் தூரத்தில் அதே அலை இரண்டு தடவை வந்திருந்தது. ஒரே பூகம்பம், ஒரே அலை; எப்படி இரண்டு வருகை?

நம்முடைய பஸ் பிரயாணத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும். ஒரு பஸ் ஊருக்குள் நெளிந்து நேரே வருகிறது. இன்னொன்று சுற்றிக்கொண்டு போய் நெடுஞ்சாலையைப் பிடித்து வருகிறது. பக்கத்து ஊர் என்றால் முதல் பஸ் ஜெயிக்கும். தூரத்து ஊர் என்றால், சுற்றிப் போனாலும் நெடுஞ்சாலை பஸ்தான் முந்திக்கொள்ளும். பூமிக்கு அடியில் அந்த நெடுஞ்சாலை இருக்கிறது என்றார் மொஹொரோவிசிச். மேலே நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிற அலை, ஓர் எல்லைக்குக் கீழே போனதும் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எல்லையின் ஆழம் 54 கிலோமீட்டர் என்று அவர் 1910-ல் கணக்கிட்டார். அதற்கு மேலே இருப்பது பூமியின் மேலோடு. கீழே இருப்பது கவசம். இன்று அந்த எல்லைக்கு அவர் பெயர்தான்.

1925-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த விக்டர் கான்ராட் இன்னோர் அடி எடுத்து வைத்தார். ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில் 1923-ல் ஏற்பட்ட ஒரு பூகம்பத்தின் பதிவில், ஆறுக்கும் எட்டுக்கும் நடுத்தரமான வேகத்தில் ஓர் அலை வந்திருப்பதைக் கண்டார். ஆகவே மேலோட்டுக்குள்ளேயே இன்னோர் எல்லை என்று முடிவாயிற்று. மேலே கிரானைட் அடுக்கு, கீழே பசால்ட் அடுக்கு, அதற்கும் கீழே கவசம். நம் வீட்டு டிபன் காரியர் மாதிரி! மேல் தட்டில் சாதம், கீழ்த் தட்டில் குழம்பு. வரைவதற்குச் சுலபம், மாணவர்கள் மனப்பாடம் செய்வதற்கும் சுலபம். பாடப் புத்தகங்கள் அந்தப் படத்தை இறுகப் பிடித்துக்கொண்டன.

டிபன் காரியரைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டவர்கள் ரஷ்யர்கள். ஆர்க்டிக் பிரதேசத்துக் கோலா தீபகற்பத்தில் 1970-ல் ஒரு துளை போட ஆரம்பித்தார்கள். சுமார் ஏழு கிலோமீட்டர் ஆழத்தில் கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் என்பது எதிர்பார்ப்பு. அலைகள் அந்த இடத்தைக் காட்டியிருந்தன. துளை ஏழு கிலோமீட்டரைத் தாண்டியது. பசால்ட் வரவில்லை. உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி வெடிப்பு விட்ட பாறைகள் வந்தன. வெடிப்புகளில் தண்ணீர் இருந்தது. அலையின் வேகம் மாறியதற்கு அதுதான் காரணம் என்று தெரிந்தது. 1989-ல் 12,262 மீட்டர் ஆழம் போனார்கள். எதிர்பார்த்த 100 டிகிரிக்குப் பதில் 180 டிகிரி உஷ்ணம். அதற்குமேல் துளைக்க முடியவில்லை. பசால்ட் தட்டு கடைசிவரை அகப்படவேயில்லை.

அலைகள் பொய் சொல்லிவிட்டனவா என்று வாசகர்கள் கேட்கலாம். அலைகள் பொய் சொல்லவில்லை. அவை சொன்னதில் தெளிவாக இருந்த இரண்டொரு வார்த்தைகளை மட்டும் நாம் கேட்டுக்கொண்டு, மீதியை இரைச்சல் என்று தள்ளிவிட்டோம்.

அந்த இரைச்சல் எது என்று சொல்ல வேண்டும். பூகம்பப் பதிவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் அலை வந்ததும் ஒரு துள்ளல். இரண்டாவது அலைக்கு இன்னொரு பெரிய துள்ளல். பிறகு உடனே அடங்கிவிடுவதில்லை. நீண்ட நேரம் சிறு சிறு கிறுக்கலாக நடுங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் ஒரு வால் இருக்கும். சங்கீதத்திலிருந்து ஒரு வார்த்தையை எடுத்து அதற்குக் 'கோடா' என்று பெயர் வைத்தார்கள்; இத்தாலிய மொழியில் வால் என்றே அர்த்தம். பெயர் வைத்தார்களே தவிர, அதை யாரும் அதிகமாகச் சட்டை செய்யவில்லை. முதல் துள்ளலும் இரண்டாவது துள்ளலும் எந்த நொடியில் வந்தன என்பதை அளந்துகொண்டு, வாலை அப்படியே விட்டுவிடுவார்கள்.

1969-ல் அந்த வாலைப் பிடித்தவர் கெய்ட்டி ஆக்கி. ஜப்பானில் யோகோஹாமாவில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். அவர் கவனித்த விஷயம் சாதாரணமானது, ஆனால் விநோதமானது. பூகம்பம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியிலும் சற்றுத் தூரத்தில் இருக்கும் கருவியிலும் முதல் துள்ளல்கள் வித்தியாசப்படுகின்றன. வால் மட்டும் எல்லாக் கருவிகளிலும் ஒரே விதமாகத் தேய்கிறது. அலைகள் பூகம்பத்திலிருந்து நேரே வருவதானால் அப்படி இருக்க முடியாது. ஆகவே வாலில் இருக்கும் அலைகள் நேரே வந்தவையல்ல. பாறைகளில் மோதி, மோதி, நாலா பக்கமும் சிதறி, எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேர்கின்றன என்றார் ஆக்கி.

மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஆயிரங்கால் மண்டபத்தில் நின்று ஒரு தரம் கை தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மலைக்கு எதிரே நின்று தட்டினால் ஒரே ஓர் எதிரொலி தெளிவாகத் திரும்பி வரும். மண்டபத்தில் அப்படி வராது. ஒவ்வொரு தூணும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்பும். ஒரு தூண் அனுப்பியதை இன்னொரு தூண் வாங்கித் திருப்பும். எல்லாம் சேர்ந்து ஒரு முழக்கமாக நின்று கரையும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், எதிரே ஒற்றைச் சுவர் இல்லை, தூண்கள் நிறைந்த இடம் இது என்று அந்த முழக்கமே சொல்லிவிடும். பூகம்பத்தின் வால் அத்தகைய முழக்கம்.

அதே 1969-ஆம் வருஷம் சந்திரனும் சாட்சி சொல்ல முன்வந்தது. நவம்பர் 20-ஆம் தேதி அப்போலோ 12 யாத்ரீகர்கள், தங்களுக்கு இனி வேண்டாத ஓடத்தைச் சந்திரன்மீது மோதவிட்டார்கள். பூமியில் அப்படி ஒன்று விழுந்தால் நடுக்கம் சில நிமிஷத்தில் அடங்கிவிடும். சந்திரனில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அடங்கவில்லை. விண்கற்கள் இடித்து இடித்து நொறுங்கிப்போன மேலோடு. அலைகள் சிதறிக்கொண்டே இருந்தன. ஈரமில்லாத உலர்ந்த பாறை. ஆகையால் அலைகளின் சக்தியை உறிஞ்சிக்கொள்ள ஒன்றுமில்லை. முழுக்க முழுக்க வாலே ஆன பதிவு அது.

இனி நம் கதை பூமிக்குத் திரும்புகிறது. 1975 முதல் அமெரிக்காவிலும், அடுத்த பத்து வருஷத்தில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பூகம்பத்துக்காகக் காத்திராமல் தாமே அலைகளை உண்டாக்கி அனுப்ப ஆரம்பித்தார்கள். நிலத்தில் பெரிய லாரிகள் வயிற்றிலிருந்து ஒரு தகட்டைத் தரையில் ஊன்றி அதிர வைக்கும். கடலில் கப்பலிலிருந்து அழுத்திய காற்றை வெடிக்கச் செய்வார்கள். அனுப்பிய அலை மொஹொரோவிசிச் எல்லைவரை போய்த் திரும்பி வரச் சுமார் பத்து நொடி ஆகும்.

திரும்பி வந்த படத்தைப் பார்த்து நிபுணர்கள் திகைத்தார்கள். மேற்கு ஐரோப்பாவின் பல இடங்களில் மேலோட்டின் மேல் பாதி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. கீழ்ப் பாதி முழுவதும் நெருக்கமான சிறு சிறு கோடுகள், பாய் முடைந்த மாதிரி. மொஹொரோவிசிச் எல்லை வந்ததும் கோடுகள் சட்டென்று நின்றுவிட்டன. கீழே கவசம் மறுபடி வெறுமை. பசால்ட் தட்டு என்று ஒரே நிறத்தில் தீட்டிய இடத்தில்தான் இத்தனை அமளி!

அந்தக் கோடுகள் என்ன என்பதில் பல கட்சிகள். அடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு ஏறி வந்து தகடு தகடாக இறுகியிருக்கிறது என்றது ஒரு கட்சி. கண்டம் இழுபட்டபோது சூடான பாறை மாவுபோல நீண்டு பட்டை பட்டையாயிற்று என்றது இன்னொன்று. பாறை இடுக்குகளில் சிக்கிய நீர்தான் என்றது மூன்றாவது. நேரில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், துளை போட்டுப் போக முடியாத ஆழம்.

ஆனால் பூமி சில இடங்களில் தன் அடிப்பாகத்தைத் தானே புரட்டி மேலே காட்டியிருக்கிறது. வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து இவ்ரியா பிரதேசம் அப்படிப்பட்ட ஒன்று. மேலோட்டின் கீழ்ப் பாதியும், கவசத்தின் ஒரு துண்டும் அங்கே வெயிலில் காய்கின்றன. நடந்தே போய்ப் பார்க்கலாம். பார்த்தால் பாயும் இல்லை, தட்டும் இல்லை. கறுத்த பாறையும் வெளிறிய பாறையும், உருகி வந்ததும் உருமாறியதும், வில்லை வில்லையாக, திட்டுத் திட்டாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. விரல் அகலத்திலும் உண்டு. கிலோமீட்டர் நீளத்திலும் உண்டு.

1992-ல் கிளாஸ் ஹோலிகர், ஆலன் லெவாண்டர் என்ற இருவர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இவ்ரியாவின் பாறை வரைபடத்தை எடுத்துக்கொண்டு, எந்த அளவுத் திட்டு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். அதே கணக்குப்படி ஒரு கற்பனை மேலோட்டைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கி அதற்குள் அலைகளை ஓடவிட்டால் என்ன ஆகிறது? நிஜப் பூமியிலிருந்து வந்த படத்தைப் போலவே நெருக்கமான கோடுகள் வருகின்றன!

இதன் உட்பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். நொடிக்கு 20 தடவை அதிரும் அலை, நொடிக்கு 6.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் நீளம் 325 மீட்டர். அதைவிட மிகச் சிறிய திட்டுக்களை அலை லட்சியம் செய்யாமல் போய்விடும். ஏறக்குறைய அதே அளவுத் திட்டுக்கள்தான் அதை நன்றாகச் சிதற அடிக்கும். சிதறிய அலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில இடங்களில் பலம் பெற்று, சில இடங்களில் அழிந்து, கடைசியில் நீண்ட கோடாகத் தோற்றம் தரும். படத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக, பூமிக்குள் அதே இடத்தில் அதே நீளத்தில் ஓர் அடுக்கு இருக்க வேண்டியதில்லை. தனித்தனித் திட்டை அலை காட்டாது. அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது, எவ்வளவு கலப்பு, எவ்வளவு பெரிய திட்டுக்கள் என்பதைக் காட்டும். சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஒரு வம்சாவளியில் இருக்கும் நேர்கோட்டை நம்பி ஒரு தேசத்தின் சரித்திரத்தை எழுதினால் என்ன ஆகும் என்று அவர்கள் அறிவார்கள்.

ஒதுக்கித் தள்ளிய வால் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறது. ஓர் ஊரில் பூகம்பம் வந்தால் தரை எவ்வளவு நேரம் ஆடும் என்பது அந்தச் சிதறலையும் பொறுத்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு அது உயிர் சமாசாரம். 2003-ல் மிஷேல் காம்பியோவும் ஆன் பாலும் மெக்ஸிகோ பூகம்பங்களின் வாலை மட்டும் எடுத்து, இரண்டு ஊர்களில் பதிவானதை ஒப்பிட்டுச் சேர்த்தார்கள். ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்கு அலை எப்படிப் போகும் என்ற விவரம் அதிலிருந்து கிடைத்துவிட்டது. இரைச்சலுக்குள்ளேயே பாதை இருந்தது. 1969-ல் வாலைப் பிடித்த ஆக்கி இதைப் பார்த்துவிட்டு, 2005-ல் ரீயூனியன் தீவில் காலமானார்.

இனி ஹாலண்டின் கல்லுக்கு வருவோம். சார்னோக்கைட் எங்கே பிறந்தது என்பது இன்று தெரியும். சுமார் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வெந்த பாறை அது. கண்டத்து மேலோட்டின் கீழ்ப் பாதிதான் அதன் சொந்த ஊர். நீலகிரியும் சேர்வராயன் மலையும் பல்லாவரமும் சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன்பு பூமிக்கடியில் இருந்தவை. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருஷங்களில் கரைந்து கடலுக்குப் போக, அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. ரஷ்யர்கள் பத்தொன்பது வருஷம் துளைத்தும் எட்டாத ஆழத்துச் சரக்கு நம் ஊரில் தெருவோரத்தில் கிடக்கிறது.

போன மாதம் சென்னைக்குப் போனபோது பரங்கிமலைப் படிகளில் ஏறினேன். அந்தப் பாறையை தேசியப் பூகர்ப்பச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் விமான நிலையம் தெரிகிறது. அதற்கு அப்பால் கல் எடுத்துப் பள்ளமாகிப்போன பல்லாவரம், திரிசூலம் குன்றுகள். அந்தக் கருங்கல்தான் ஜல்லியாகி எத்தனையோ வீடுகளுக்கு அஸ்திவாரமாயிற்று. கூட வந்த என் பேரன் ஒரு பாறையைத் தொட்டுக்காட்டினான். "தாத்தா, இதிலே கறுப்பும் பழுப்புமா ரெண்டு மூணு கல்லு கலந்திருக்கே. எது நிஜக் கல்லு?" என்றான்.

"எல்லாமே நிஜம்தாண்டா," என்றேன்.

கண்டத்தின் அடிப்பாகம் முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்பதைப் பூகம்ப அலைகள் நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தன என்று அவனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் அவன் அடுத்த படிக்கு ஓடிவிட்டான். வீட்டுக்கு வந்து இதை எழுதி வைத்தேன். பெரியவனான பிறகு படித்துக்கொள்ளட்டும்.